மர்ம மனிதனும் என் கையில் இருந்த டார்ச் லைட்டும்



பறக்கும் தட்டு பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் அதிலிருந்து இறங்கி வந்து, கண்ணெதிரே மறைந்துபோகும் மனிதர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ஏம்பலம். வயல்வெளியில் கொள்ளிவாய்ப் பிசாசு நடமாடும் என்று எங்க ஆயா சொல்லும். அமெரிக்காவில் பிறந்திருந்தால் அதையே வேற்றுக்கிரகவாசி என்று சொல்லியிருக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பறக்கும் தட்டு மனிதர்களின் கதைகளும் ஐரோப்பியக் கிராமங்களின் பழைய தேவதைக் கதைகளும் ஒரே சாயலில் இருப்பதை, பிரெஞ்சு ஆய்வாளர் ழாக் வாலே 1969-இல் ஒரு நூலாகவே எழுதினார்.

1952 செப்டம்பர் 12. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பிளாட்வுட்ஸ் என்ற ஊர். வானத்தில் ஓர் ஒளி போனதைப் பார்த்துச் சிறுவர்கள் குன்றின்மேல் ஓடினார்கள். அங்கே நெட்டையாக ஓர் உருவம், கண்கள் நெருப்பு மாதிரி! 2000-இல் ஜோ நிக்கல் என்பவர் ஆராய்ந்து சொன்ன முடிவு: ஒளி, எரிகல். உருவம், மரக்கிளையில் உட்கார்ந்திருந்த கூகை. நம்ம ஊர் சாக்குருவிதாங்க!

சிரிக்கலாம். ஆனால் நம் நாட்டில் இது சிரிப்போடு முடியவில்லை. 2001 மே மாதம் டெல்லியில் 'குரங்கு மனிதன்'. கோடை, மின்வெட்டு, ஜனங்கள் மொட்டை மாடியில் படுத்திருந்தார்கள். புகார்கள் குவிந்தன. போலீஸ் படம் வரைந்து 50,000 ரூபாய் பரிசு அறிவித்தது. பயத்தில் மாடியிலிருந்து குதித்துச் சிலர் செத்தார்கள். குரங்கு மனிதன் மட்டும் கிடைக்கவே இல்லை. 2002-இல் உத்தரப்பிரதேசத்தில், ஒளிவீசிப் பறந்துவந்து முகத்தைப் பிறாண்டும் 'முகநோச்வா'. 2011-இல் இலங்கையில் 'கிரீஸ் பூதம்'. அந்தக் கலவரத்தில் புத்தளத்தில் ஒரு போலீஸ்காரரே கொல்லப்பட்டார்.

இனி என் கதை. மூன்றாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் பக்கத்திலும் 'மர்ம மனிதன்' புரளி. ஒருநாள் ராத்திரி கரண்ட் இல்லை. தடியோடு இருபது பேர். டார்ச் என் கையில். கரும்பு ஓரம் ஒரு கறுப்பு உருவம். வெளிச்சம் அடித்தேன்; ஓடியது; சட்டென்று மறைந்தது. "பத்தடி தாண்டிட்டான்டா!" என்றான் ஒருவன். நானும் "ஆமாம்" என்றேன். முதல் கல்லை எறிந்தவனும் நான்தான்.

மோட்டார் கொட்டகைக்குள் பிடித்தோம். கறுப்புக் கம்பளி போர்த்திய, புத்தி சுவாதீனம் இல்லாத ஒரு பெரியவர். நெற்றியில் ரத்தம். எதிர்வீட்டு ஆயா சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்து, "டேய், மனுசன்டா!" என்று குறுக்கே நிற்காவிட்டால் என்ன நடந்திருக்கும்?

அவர் மறைந்தது எப்படி என்று பிறகுதான் படித்தேன். பிரகாசமான வெளிச்சத்தைப் பார்த்த கண் மறுபடி இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். டார்ச் வட்டத்தைவிட்டு ஓரடி விலகினால் யாரும் மாயாவிதான். மறைந்தது அவரல்ல, என் பார்வை.

2018 மே மாதம் குழந்தை கடத்தல் வதந்தியை நம்பி, போளூர் பக்கம் குலதெய்வம் கோயிலுக்கு வந்த 65 வயது அம்மாவை ஊரே அடித்துக் கொன்றது. அங்கே குறுக்கே நின்று காப்பாற்ற முடியவில்லை.

தம்பி தங்கைகளே, வேற்றுக்கிரகத்தில் உயிர் இருக்கலாம்; தாராளமாகத் தேடுங்கள். ஆனால் இருட்டில் ஓடுகிற உருவத்தை முதலில் மனுசன் என்றே நினையுங்கள். தப்பாகப் போனாலும் நஷ்டம் இல்லை.