பயிற்சிப் பள்ளியில் பழகட்டும் தொழில்நுட்பம்

கல்வியியல் கல்லூரி முதல்வர்களே, பேராசிரியப் பெருமக்களே, சில மாதங்களில் சொந்த வகுப்பறைக்குள் நுழையப்போகும் மாணவ ஆசிரியர்களே, மாமல்லபுரத்தில் இக்கருத்தரங்குக்காகக் கூடியிருக்கிறோம்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குத் தொழில்நுட்பக் கருவிகள் வந்துவிட்டன. 2018இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு இடம்பெற்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்திருக்கிறது. ஆசிரியர்களை உருவாக்கும் நாம் இதற்கு ஈடுகொடுத்தோமா? 2015-16 முதல் பி.எட். ஈராண்டுப் படிப்பானபோது, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் பாடத்திட்ட வரைவில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்துக்கென்று தனித் தாளே சேர்ந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால், நான் பார்த்த பல இடங்களில் அந்தத் தாள் ரெக்கார்டு நோட்டோடு முடிந்துபோகிறது. ஸ்லைடு தயாரித்து, பிரிண்ட் எடுத்து, ஒட்டி, கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அந்த ஸ்லைடை ஒரு குழந்தைகூடப் பார்த்திருக்காது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

1856இல் தொடங்கிய சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியோடு ஒரு மாதிரிப் பள்ளியையும் சேர்த்தே நடத்தினார்கள் நம் முன்னோர். குழந்தைகள் எதிரில் இல்லாமல் கற்பித்தல் கைவராது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தொழில்நுட்பத்துக்கும் அதுவே பொருந்தும்.

இந்தக் கடற்கரையிலுள்ள பள்ளி ஒன்றில் நான் பார்த்த வகுப்பைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் புவியியல், நீர்க்கோளம் பாடம். பயிற்சிக்கு வந்திருந்த பெண் கடலலை பற்றிய ஆங்கில வீடியோ ஒன்றை ஓடவிட்டார். பிள்ளைகள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதியில் அதை நிறுத்திவிட்டு அவர் கேட்டார்: "நாளைக்குக் கடலுக்குப் போகலாமா வேண்டாமான்னு உங்க வீட்ல எப்படி முடிவு பண்றாங்க?" கடைசி பெஞ்சிலிருந்து பதில் வந்தது: "அலை எவ்ளோ ஒசரம்னு போன்ல வரும் டீச்சர். ஆனா எங்க தாத்தா கொண்டலா வாடையான்னு காத்தைப் பாத்துட்டுதான் சொல்லுவாரு."

அப்புறம் வகுப்பு வேறு வகுப்பாகிவிட்டது. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் மையம் தினமும் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பை ஒரு பத்தியிலும், வீட்டுப் பெரியவர் சொன்னதை அடுத்த பத்தியிலும் பிள்ளைகள் ஒரு வாரம் எழுதிவந்தார்கள். பிறகு கிராஃப் தாளில் வரைந்தார்கள். இரண்டும் ஒத்துப்போகாத நாளைப் பற்றித்தான் அதிகம் பேச்சு. இத்தனைக்கும் தேவைப்பட்டது ஆசிரியையின் ஒரு செல்பேசி மட்டும்.

பாடப்பொருள், கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் ஆகிய மூன்றையும் பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் பயனில்லை என்று கல்வி ஆய்வாளர்கள் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் விரிவாக எழுதினார்கள். அந்த மூன்றும் ஒன்றாகக் கலந்ததை நான் அந்த வகுப்பில் கண்டேன். வீடியோவை எப்போது நிறுத்துவது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்ததே, அதைத்தான் நாம் கற்றுத்தர வேண்டும்.

அடிப்படையான ஒன்றிலும் குறை இருக்கிறது: தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாமல் பட்டம் வாங்கிச் செல்வோர் இன்னும் இருக்கிறார்கள். 1999லேயே தமிழ்99 விசைப்பலகையை அரசு ஏற்றுக்கொண்டது. சொந்தமாக ஒரு வினாத்தாளைத் தமிழில் அடிக்க முடியாதவர், யாரோ தயாரித்ததைத்தான் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தச் சார்பு இன்னும் கூடும். மாமல்லபுரத்தில் ஒற்றைக்கல்லில் செதுக்கிய ஐந்து ரதங்களையும் கற்களை அடுக்கிக் கட்டிய கடற்கரைக் கோயிலையும் குழப்பி ஒரு விடை வந்தால், அதைப் பிழையென்று கண்டுபிடிக்க ஆசிரியருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும். இங்கே உள்ளவர்கள் நேரில் போய்ப் பார்த்தே சரிசெய்துவிடலாம்.

என் கோரிக்கை இதுதான். தொழில்நுட்பத் தாளின் மதிப்பெண்ணை ரெக்கார்டு நோட்டிலிருந்து எடுத்து, இரண்டாம் ஆண்டின் 16 வாரப் பள்ளிப் பயிற்சிக்குக் கொடுங்கள். தமிழ், கணிதம், அறிவியல் கற்பித்தல் முறை நடத்துகிற பேராசிரியரே அதையும் பார்க்கட்டும். கெட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில் பூட்டிவைத்த லேப் சாவியை, வழிகாட்டி ஆசிரியரின் பொறுப்பில் பயிற்சி மாணவர் கையில் கொடுக்கத் தலைமையாசிரியர்கள் முன்வர வேண்டும்.

அமர்வுகளில் கட்டுரை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உண்மையான ஒரு வகுப்பில் நீங்களோ உங்கள் மாணவரோ நடத்திய ஒரு பாடத்தையாவது சொல்லுங்கள். எந்த இடத்தில் தொழில்நுட்பம் கைகொடுக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். கேள்வி கேட்கும் நேரத்தில் முதல் வாய்ப்பை மாணவ ஆசிரியர்களுக்குத் தரும்படி அமர்வுத் தலைவர்களைக் கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.