வீடும் வளவும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பட்டாளத்திலிருந்து திரும்பியவன் குடும்பத்துக்கு வீடு கட்டுவதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்தார். நமுனுகுல மலையடியில் தேயிலைக்கு நடுவே வாழும் நமக்கும் பட்டாளத்தானுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் எண்ணக்கூடும். சம்பந்தம் உண்டு. சற்றுப் பொறுமையுடன் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்தார் ‘வீடு வளவு’ என்று சேர்த்தே சொல்லுவார்கள். வீடென்றால் சுவரும் கூரையும். வளவென்றால் அதைச் சுற்றியுள்ள காணி. கிணறு, முருங்கை, மாட்டுக் கொட்டில், வேலி எல்லாம் அதற்குள் அடங்கும். நம் லயத்திலே காம்பரா உண்டு, இஸ்தோப்பு உண்டு. வளவு என்ற சொல்லுக்குத்தான் அங்கே வேலையில்லை.

சுமாத்திராவுக்கு வடக்கே பெரிய நிக்கோபார் என்றொரு தீவு இருக்கிறது. 1969-ஆம் ஆண்டு தொடக்கம் இந்திய அரசாங்கம் அங்கே ஓய்வு பெற்ற படைவீரர்களைக் குடியேற்றியது. 1980 வரையில் ஏறத்தாழ 330 குடும்பங்கள் போய்ச் சேர்ந்தன. பஞ்சாபியர், மராட்டியர், மலையாளிகள், தெலுங்கர் இவர்களோடு தமிழரும் இருந்தனர். வயலுக்கும் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நிலம் கிடைத்தது. நிலமென்றால் வெட்ட வெளியன்று, மழைக்காடு! கிராமத்தில் ஏர் பிடித்த கை, பின்னர் துப்பாக்கி பிடித்த கை, மறுபடியும் மண்வெட்டி பிடித்தது. காந்தி நகர், சாஸ்திரி நகர் என்று ஊர்கள் எழுந்தன. அந்தக் காடு ஷொம்பென் என்ற ஆதிகுடிகள் வாழ்ந்த காடு என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

2004 டிசம்பர் 26-ஆம் திகதி கடல் பொங்கி அந்தக் கரையோர ஊர்களை அழித்தது. எஞ்சியவர்கள் அரசாங்கத்திடம் போனபோது, ‘எங்கள் காணி போய்விட்டது’ என்று சொல்லிக் கேட்க முடிந்தது.

நான் கற்ற மிஷன் பாடசாலையில் வேதாகம வகுப்பும் உண்டு. புது வீடு கட்டி இன்னும் குடிபுகாதவன் யுத்தத்துக்கு வராமல் வீடு திரும்பலாம் என்று உபாகமத்தில் ஒரு விதி வருகிறது. யுத்தமே வீட்டுக்கு வழிவிடுகிறது பாருங்கள்!

இனி நம் ஊவாவுக்கு வருவோம். பட்டாளத்தானுக்குச் சில வருஷச் சேவைக்குக் காணி கிடைத்தது. நம் பாட்டன் பூட்டன் காலத்துச் சேவைக்கு என்ன கிடைத்தது? 1948-இல் பிரஜாவுரிமை போயிற்று. எஞ்சியவர்களுக்கு அது முழுதாகத் திரும்ப 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. தோட்டங்கள் 1970-களில் அரசுடைமையாகி, 1992-இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. கை மாறியபோதெல்லாம் லயமும் கூடவே மாறியது. குடியிருப்பவன் பெயருக்கு மட்டும் மாறவில்லை.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரியும் என்று 2005-இலும் 2011-இலும் எச்சரித்தார்கள். ஏன் எழும்பிப் போகவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. எங்கே போவது? சொந்தமாக ஒரு பேர்ச் நிலம் இருந்தவனல்லவா மூட்டை கட்டுவான்! 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. 2016-இல்தான் மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன.

இத்தகைய தோட்ட வீட்டுத் திட்டங்களில் வழக்கமான அளவு 7 பேர்ச்சாக இருந்தது. ஓர் ஏக்கர் 160 பேர்ச். ஆகவே ஓர் ஏக்கரில் 22 குடும்பம் அடங்கும். சிறிதுதான். ஆனால் ஒரு முருங்கையும் நாலு கோழியும் அதற்குள் நிற்கும். முக்கியமாகக் கேட்க வேண்டியது காணி உறுதி. சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு மாலை மரியாதையோடு திரும்பினால் அதுவும் இன்னொரு காம்பராதான். உறுதியில் கொழுந்து பறிக்கும் மனைவியின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்; தாய்மார்கள் கை தட்டுவது எனக்குக் கேட்கிறது!

காணிக் கடிதங்கள் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வருகின்றன. பெரியவர்கள் அவற்றைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், படிக்காமலே. விடுமுறை முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க மண்டபத்தில் உட்கார்ந்து அவற்றை வாசித்துச் சொல்ல நான் ஆயத்தமாயிருக்கிறேன். சிங்களம் நன்றாக வாசிக்கக்கூடிய இருவர் துணைக்கு வேண்டும். கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.