வெள்ளைக் காக்கையின் கண்



வெள்ளைக் காக்கா பறக்கிறது என்று ஒருவர் சொன்னால், ஆள் கதை விடுகிறார் என்பது ஊர்வழக்கு. இன்று அந்தக் காக்கா படத்தோடு நாளிதழில் வருகிறது, ‘அரிய அல்பினோ காகம்’ என்ற தலைப்போடு. காகத்தை நம்புகிறேன். தலைப்போடுதான் எனக்கு வழக்கு.

அல்பினோவுக்கு டைரோசினேஸ் நொதி வேலை செய்யாது. அதனால் இறகு, தோல், கண் எங்குமே மெலனின் என்னும் நிறமி உருவாகாது. கண்ணுக்குள் ஓடும் ரத்தம் தெரிவதால் கண் சிவந்திருக்கும். மெலனின் இல்லாத கண்ணுக்குப் பார்வையும் சரியாக அமையாது. பெரும்பாலானவை கூட்டை விட்டு வெளியே வந்ததும் மடிந்துபோகும். எனவே வளர்ந்த வெள்ளைக் காகம் ஒன்று ஆண்டுக்கணக்கில் ஒரே தெருவில் திரிந்தால், அது பெரும்பாலும் அல்பினோ அல்ல. ‘பகுதி அல்பினோ’ என்றும் எழுதுகிறோம், அதுவும் தவறு. நொதி உடல் முழுவதிலும்தான் இல்லை. ஒற்றைச் சிறகில் மட்டும் இல்லாமல் போக முடியாது.

உயிரியல் பூங்காக்களில் நிற்கும் வெள்ளை மயிலுக்கு வந்திருப்பது லியூசிசம். கரு வளரும்போதே நிறமிச் செல்கள் தோலுக்கு வந்து சேரவில்லை. ஆனால் கண் சிவந்திருக்காது. வயது ஏற ஏற இறகு நரைக்கும் பறவைகளும் உண்டு. நகரத்து உணவில் சத்துக் குறைந்து சிறகில் வெள்ளைப் பட்டை விழுந்த காகங்கள், நல்ல தீனி கிடைத்தால் அடுத்த இறகுதிர்ப்பில் பழைய நிறத்துக்கே திரும்பும்.

நம்மை அதிகம் ஏமாற்றுவது ‘பிரவுன்’ என்னும் பிறழ்வு. இதில் கறுப்பு மெலனின் முழுமையாக முதிராமல் பழுப்பிலேயே நின்றுவிடும். அந்த இறகு வெயில் பட்டு வெளுத்து, உதிரும் காலத்தில் ஏறக்குறைய வெள்ளையாகிவிடும். மூடிய சிறகை விரித்துப் பார்த்தால், வெயில் படாத இடத்தில் பழுப்பு அப்படியே இருக்கும். இதற்கான மரபணு இசட் குரோமோசோமில் உள்ளது. பெண் பறவைக்கு இசட் ஒன்றே என்பதால் ஒரு பிரதி போதும். ஆணுக்கு இரண்டும் வேண்டும். காட்டில் காணும் பிரவுன் பறவைகள் பெரும்பாலும் பெண்களே.

டிரிங் அருங்காட்சியகத்தின் ஹைன் வான் குரோவ் இந்த வேறுபாடுகளைப் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறார். அனில் மகாபல் முதலியோருடன் சேர்ந்து இந்தியப் பதிவுகளையும் மறு ஆய்வு செய்து 2016இல் வெளியிட்டார். அருங்காட்சியகங்களில் வெள்ளைப் பறவைகள் மிகுந்திருப்பதை வைத்து அவை காட்டிலும் மிகுதி என்று கணக்கிடக் கூடாது. விநோதமானவற்றையே அன்றைய சேகரிப்பாளர்கள் தேடிச் சுட்டார்கள்.

இன்னொன்று, அரசவால் ஈப்பிடிப்பானின் வெள்ளை ஆணும், கரைக்கொக்கின் வெள்ளை வடிவமும் இயல்பானவை. அவற்றை நிறப் பிறழ்வுப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

இங்கே படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையிடமும் நான் கேட்கப்போவது, கண் என்ன நிறம், அலகும் காலும் எப்படி, அடுத்த இறகுதிர்ப்புக்குப் பின் எடுத்த படம் உண்டா என்பவைதான். படம் இல்லையென்றால் ‘காரணம் தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். இந்த அவை அதைக் குறையாகக் கருதாது. முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.