பெயர் உங்களுடையது, சம்மதம் யாருடையது?

நூற்றாண்டு விழாவையொட்டி நடந்த பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை



நூற்றாண்டு விழாவில் காணி, சீதனம், வழக்கு என்று கதைப்பது பொருத்தமோ என்று சிலர் யோசிக்கலாம். பெண்பிள்ளை சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று எண்ணிய பெற்றோரே எங்களை இங்கே அனுப்பினார்கள். அப்படி நிற்கிற பெண்ணுக்கும், தன் பெயரில் உள்ள வீட்டை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்ற சட்டம் இன்றும் எங்களில் பலரை ஆள்கிறது. அதை அறியாமல் இடர்ப்படுகிறவர்களை என் தொழிலில் அடிக்கடி காண்கிறேன். ஆகவே இங்கே கதைப்பதுதான் பொருத்தம்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி எழுதித் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பின், 1707இல் அது தேசவழமைச் சட்டமாயிற்று. தகப்பன்வழி முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு என்பது அந்தப் பழைய முறை. பெண்ணுக்குச் சொத்துண்டு என்று எங்கள் முன்னோர் ஏற்றுக்கொண்டது பெருமைக்குரியதே. ஆனால் சொத்தைக் கொடுத்த வழமை, அதை ஆளும் உரிமையை முழுதாகக் கொடுக்கவில்லை.

1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவைப் பாருங்கள். மணமான பெண் தன் நகையை, காசை, மற்ற அசையும் பொருளைத் தன் விருப்பப்படி கொடுக்கலாம், விற்கலாம். காணி, வீடு என்றால் கணவன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். கணவன் தன் சொந்தக் காணியை விற்க மனைவியின் சம்மதம் தேவையில்லை. 1923இல் வந்த மணமான பெண்களின் சொத்துச் சட்டம் நாட்டின் மற்றப் பெண்கள் பலருக்கு இந்தத் தடையை நீக்கியது. தேசவழமைக்கு உட்பட்டோரை அது சேர்க்கவில்லை.

உறவு நன்றாக இருக்கும்வரை இது வெறும் கையெழுத்து. உறவு முறிந்தால் அதே கையெழுத்து ஆயுதமாகிவிடும். பிள்ளையின் படிப்புக்கோ சத்திரசிகிச்சைக்கோ சீதன வீட்டை ஈடு வைக்கப் போகிற பெண்ணிடம், ‘அவரின் சம்மதம் எங்கே?’ என்று நொத்தாரிசு கேட்பார். அவரோ பிரிந்து போய் வேறு குடும்பத்துடன் இருப்பார். அல்லது கையெழுத்துக்கு ஒரு விலை சொல்லுவார்.

இதற்குச் சட்டமே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, கணவன் கைவிட்டிருந்தாலோ, இருவரும் இணங்கிப் பிரிந்து வாழ்ந்தாலோ, அவன் இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, பெண் மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். கணவனின் சம்மதம் இல்லாமலே காணியைக் கையாள நீதிமன்றம் அதிகாரம் வழங்கலாம். யுத்தத்தில் கணவன் காணாமற்போன எத்தனையோ சகோதரிகள் வடக்கில் இருக்கிறார்கள். அவர்கள் இந்தப் பிரிவை அறிந்திருக்க வேண்டும். உயில் எழுதுவதற்கு யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது தாபரிப்பு. ‘வீடு அவளிடம்தானே இருக்கிறது, பிறகென்ன காசு?’ என்று கேட்கிற குடும்பங்கள் உண்டு. சீதன வீடு பிள்ளையின் சாப்பாட்டுக்குப் பதிலாகாது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி, வசதியுள்ள பெற்றோர் தன்னைத்தானே பராமரிக்க இயலாத பிள்ளையைப் பராமரிக்க வேண்டும். 18 முதல் 25 வயது வரையான பிள்ளைக்கும் இது பொருந்தும். தாய்க்கும் இதே கடமை உண்டு. வழக்கு நீதவான் நீதிமன்றத்தில். முடிவு வரும்வரை இடைக்காலக் கட்டளையும் கேட்கலாம்.

புலம்பெயர்ந்த அக்காமாருக்கு ஒரு சொல். பெற்றோரைக் கடைசிவரை பார்த்த தங்கை பெற்றோர் வீட்டில் இருக்கிறாள். ‘எங்கள் பங்கும் உனக்குத்தான்’ என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறீர்கள். மனம் நல்லது, ஆனால் சொல் போதாது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாற நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதிய உறுதி வேண்டும். நீங்கள் தேசவழமைக்கு உட்பட்டவரானால் உங்கள் கணவரின் சம்மதமும் வேண்டும். வர இயலாவிட்டால் அற்றோணித் தத்துவம் அனுப்பலாம். நீங்கள் இல்லாத காலத்தில் உங்கள் பிள்ளைகளும் தங்கையின் பிள்ளைகளும் நீதிமன்றப் படியில் எதிரெதிரே நிற்க வேண்டாம்.

பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேசும் தாய்மாரிடமும் கேட்கிறேன். நன்கொடை என்று மாப்பிள்ளை வீட்டார் கையில் போகும் காசுக்குப் பெரும்பாலும் பற்றுச்சீட்டு இல்லை. பிரிவு வந்தால் கொடுத்ததை நிரூபிப்பதே பெரும் பாடு. கொடுக்கத்தான் வேண்டும் என்றால் மகளின் பெயரில், வங்கி மூலம், கணக்குத் தெரியக் கொடுங்கள். சீதன உறுதியின் மூலப் பிரதி எங்கே இருக்கிறது என்று மகளுக்குச் சொல்லி வையுங்கள். காணிப் பதிவகத்தில் பதிந்தாயிற்றா என்று பாருங்கள்.

பணத்தைப் பற்றி முன்கூட்டியே கதைத்தால் அன்பு குறையும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நான் கண்டது மறுபுறம். எழுதாமல் விட்டதனால்தான் ஒரே தட்டில் சாப்பிட்ட சகோதரங்கள் செத்தவீட்டுக்கும் போகாமல் இருக்கிறார்கள்.

திருமணச் சொத்தை ஆள ஆணுக்கு ஒரு விதி, பெண்ணுக்கு இன்னொரு விதி என்பது மாற வேண்டும். அதற்காகக் குரல் கொடுப்பது படித்த பெண்களின் கடமை. சட்டம் மாறும் வரை, இருக்கிற சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். விடுமுறை முடிந்து விமானம் ஏறுமுன், சகோதரங்களுடன் இருந்து உறுதிகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.