சொல் தெளிந்தாற் செயல் தெளியும்
(கரவெட்டியில் எமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



மிஷன் பாடசாலையிற் படித்து, இன்று பல்கலைக்கழக மாணவனாக இருக்கும் என்னை, “புதிய கணினி வித்தையைப் பற்றி ஏதேனும் பேசு” என்று செயலாளர் பணித்தார். வித்தையைப் பற்றிப் பேசுவதிலும், அதிலே நான் பட்ட ஒரு தலைக்குனிவைப் பற்றிப் பேசுவது உங்களுக்கு அதிகம் பயன்படும் என்று எண்ணுகின்றேன்.

என் அம்மம்மா பாடிய தாலாட்டு ஒன்று எங்கள் வீட்டில் ஒரு கசற்றில் இருந்தது. அம்மம்மா இப்போது இல்லை. சென்ற ஆண்டு அதனைக் கணினியில் ஏற்றினேன். ஒருமுறை ஓடி முடிந்ததும் பழைய நாடா அறுந்துபோயிற்று. பின்னர் மூன்று மாலைகள் இருந்து, இசைப்பதிவு மென்பொருள் ஒன்றில் அக்குரலைத் துண்டு துண்டாக அடுக்கி, இடையே விழுந்த இருமலையும் கதவுச் சத்தத்தையும் வெட்டி ஒழுங்கு செய்தேன். எஞ்சியது நாடாவின் இரைச்சல் மட்டுமே. அதனை நீக்கும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்றிடம் விட்டேன்.

முகவர் என்பது கேட்ட கேள்விக்கு விடை சொல்வதோடு நில்லாது, நாம் கொடுக்கும் கருவிகளை எடுத்து வேலையும் செய்யும் மென்பொருள். 2024 நவம்பரில் அந்திரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டோகோல்’ என்னும் பொது ஒழுங்கு இதற்கு ஒரு வழி வகுத்தது. அடுத்த ஆண்டிலேயே, ‘ஏபிள்டன் லைவ்’ என்னும் இசை மென்பொருளை முகவர் இயக்குவதற்கான இணைப்பை ஆர்வலர்கள் எழுதிவிட்டார்கள்.

அந்த முகவர் தனக்கு வேண்டிய கருவியை எப்படித் தெரிந்தெடுக்கின்றது? கருவியை ஆக்கியவன் எழுதிய நிரலை அது பொதுவாகக் காண்பதில்லை. கருவியின் பெயர், சில வரி விளக்கம், கொடுக்கவேண்டிய தரவுகளின் பட்டியல், இவையே அதன் கண்ணிற் படுவன. கோயில் திருவிழாவில் மேளக் கச்சேரி கேட்டிருப்பீர்கள். நாதஸ்வரக்காரர் தலையை அசைத்தால் தவில்காரர் தீர்மானத்துக்கு வந்துவிடுவார். அது ஆண்டுக்கணக்கில் அருகருகே இருந்து வந்த பழக்கம். முகவரோ இன்று காலை வந்த ஆள். அதற்கு நம் தலையசைப்புத் தெரியாது, எழுதியதே தெரியும்.

நான் எழுதி வைத்த கருவி ஒன்றின் விளக்கம், தமிழிற் சொன்னால், “தடத்தைச் சுத்தம் செய்க” என்பதுதான். தடத்திலுள்ளவற்றை எல்லாம் அகற்றி வெறுமையாக்குவதே அக்கருவியின் வேலை. எழுதிய எனக்கு அது தெரியும். “இந்தத் தடத்தின் இரைச்சலைச் சுத்தம் செய்” என்று நான் பணித்தபோது, முகவர் அச்சொல்லையே நம்பி அக்கருவியை எடுத்தது. வேலையைச் சேமித்தும் விட்டது. நானும் திரையைப் பாராமற் கணினியை மூடினேன். மறுநாள் திறந்தபோது தடம் வெறுமையாக இருந்தது. சபையோரே, அந்தச் சில நிமிடங்களில் என் நெஞ்சு பட்ட பாட்டை நான் விவரிக்க வேண்டியதில்லை. அம்மாவிடம் என்ன சொல்வேன்?

நல்லகாலம், கருவி அகற்றியது தடத்தில் அடுக்கிய துண்டுகளை மட்டுமே. மூல ஒலிக்கோப்பு வேறோர் உறையில் இருந்தது. மூன்று மாலை உழைப்புப் போயிற்று, குரல் தப்பியது. தவறு முகவருடையதன்று, என்னுடையது.

அதன்பின் வீட்டிலிருந்த நன்னூலைப் புரட்டினேன். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்கின்றார். அவற்றில் நான்கு என் கருவிகளில் அப்படியே இருந்தன.

முதலாவது, குன்றக் கூறல். “ஒலியளவை மாற்றுக” என்று எழுதினால் போதாது. எந்த அளவில்? ஏபிள்டன் லைவில் நிரல்வழி ஒலியளவு 0 முதல் 1 வரை; ஆனால் 0.85 என்பதே 0 டெசிபல். இதனைச் சொல்லாவிட்டால் முகவர் 1 என்பதே இயல்பான அளவு என்று எண்ணி ஒலியை உயர்த்திவிடும்.

இரண்டாவது, மாறுகொளக் கூறல். ஒரு கருவி தடங்களை 0இலிருந்து எண்ண, இன்னொன்று 1இலிருந்து எண்ணினால், தவிலுக்குச் செய்ய வேண்டியது சுருதிக்குப் போய்ச் சேரும். 1983இல் வந்த மிடி முறையில் 60 என்னும் ஒரே சுரத்தைச் சில மென்பொருள்கள் ஸி3 என்றும், சில ஸி4 என்றும் அழைக்கின்றன. ஆதலால் எண்ணையே எழுதுவது உத்தமம்.

மூன்றாவது, மிகைபடக் கூறல். விளக்கங்களை முகவர் பொதுவாகச் சேர்த்தே வாசிக்கின்றது. கருவியைப் புகழும் சொற்கள் வேண்டிய சொல்லை மறைக்கும்.

நான்காவது, மயங்க வைத்தல். என் ‘சுத்தம்’ அதற்குச் சாட்சி.

இவற்றோடு அனுபவம் கற்பித்த ஒன்றுமுண்டு: கருவியால் ஆகாததையும் சொல்ல வேண்டும். பன்னிரு சுரத்தானங்களில் மட்டும் சுரம் வைக்கும் கருவியிடம் தோடி கேட்டால், கமகமில்லாத சுரங்களை வைத்துவிட்டு, “தோடி ஆயிற்று” என்று முகவர் சொல்லும். “இக்கருவி கமகம் செய்யாது” என்ற ஒரு வரி அந்தப் பொய்யைத் தடுக்கும்.

இன்று என் கருவியின் பெயர் ‘தடத்தை வெறுமையாக்கு’. விளக்கம் இது: “தடத்திலுள்ள எல்லாத் துண்டுகளையும் அகற்றும். இரைச்சல் குறைப்பதற்கு இதனைப் பயன்படுத்தற்க; அதற்கு ‘இரைச்சலைக் குறை’ உண்டு. தட எண் 0இலிருந்து தொடங்கும். அகற்றுமுன் தடத்தின் பெயரைச் சொல்லி, உரியவரிடம் உத்தரவு பெறுக.” ஐந்தே வாக்கியங்கள். முன்பே எழுதியிருந்தால் மூன்று மாலைகள் மிஞ்சியிருக்கும்.

முடிக்குமுன் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். அம்மம்மாவின் கசற்றின் மேல் “பாட்டு” என்று மாத்திரமே எழுதியிருந்தது. எந்த ஆண்டு, யாருக்குப் பாடியது என்று சொல்ல இப்போது வீட்டில் ஒருவருமில்லை. நமக்குத் தெரியும் என்பதற்காக எழுதாமல் விட்டதும் நான் செய்த குற்றமே. உங்கள் வீடுகளிலுள்ள கசற்றுகளின் மேல், பாடியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை இந்த வாரமே எழுதி வையுங்கள். எழுத்து நடுங்கினால் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். நாங்கள் வந்து எழுதித் தருகின்றோம்.