போத்தலும் பெட்டியும் ஒன்றையே சொல்லட்டும்



எங்கள் சியாகுல்லி, பிந்திப் பழுக்கும் மண்டரின் தோடம்பழத்துக்குப் பெயர் போன இடம். 1940களில் இங்கே தானாகத் தோன்றிய இந்த இனம் சனவரி முதல் மார்ச் வரை பழுக்கும். அதில் ஊறுகாய் போட்டு விற்க எண்ணுபவர்களுக்கு இன்று சில வார்த்தைகள்.

லேபல் என்றதும் நிறமும் படமும்தான் நினைவுக்கு வரும். கணக்காளரான எனக்கு அது ஓர் ஐந்தொகை. உள்ளே இருப்பதை ஒளிக்காமல் காட்ட வேண்டும். எங்கள் ஊறுகாயில் கடுகும் நல்லெண்ணெயும் உண்டு. கடுகு, எள் இரண்டுமே ஐரோப்பிய ஒன்றியம் பட்டியலிட்ட 14 ஒவ்வாமைப் பொருட்களில் அடங்கும். எங்களுக்கு அவை அன்றாடச் சாமான். சில பிள்ளைகளுக்கோ உயிராபத்து.

ஆகவே சேர்த்த பொருட்களை, நிறை கூடியது முதலில் வர, இத்தாலிய மொழியில் எழுதுங்கள். தமிழ் கூடவே இருக்கலாம். தமிழ் மட்டும் போதாது. 'செனாப்பே', 'சேசமோ' என்ற சொற்களைத் தடித்த எழுத்தில் போடுங்கள். 250 கிராம் போத்தலில் நிறையைக் காட்டும் இலக்கம் 4 மில்லிமீற்றர் உயரமாவது இருக்க வேண்டும்.

பெட்டியின் நிறம் போத்தலோடு பொருந்தினால் அழகு. ஆனால் பெட்டி போத்தலை மறைத்தால் விபரங்களும் பெட்டியில் வர வேண்டும். 2023 சனவரி முதல் இத்தாலியில் பொதியின் மூலப்பொருளையும் குறிக்க வேண்டும். நிறமற்ற கண்ணாடிக்கு 'ஜி.எல். 70'.

செலவைக் குறைக்க ஒரு வழி: திகதியையும் தொகுதி இலக்கத்தையும் லேபலில் அச்சடிக்காமல் பிறகு முத்திரையாகக் குத்துங்கள். ஒரே லேபல் அடுத்த பருவத்துக்கும் உதவும்.

பக்கத்து வீட்டு இத்தாலியப் பிள்ளையின் தாயும் வாசித்து அறிந்து வாங்கட்டும்.