உடற்கட்டு வீரருள் தலைசிறந்தவர் யார்?

(சங்க ஆண்டு விழாச் சொற்போரில் நிகழ்த்திய பேச்சு)



உலகம் கண்ட உடற்கட்டு வீரருள் தலைசிறந்தவர் யார் என்பது இன்று நமக்குத் தரப்பட்ட விஷயம். எனக்கு முன் பேசிய நண்பர் ஆர்னோல்ட் சுவாட்ஸ்நேகரின் கட்சியை வெகு சாதுரியமாக எடுத்துரைத்து உங்கள் கரகோஷத்தைப் பெற்றுக்கொண்டார். எனக்குப் பின் வரவிருப்பவர் றொனி கோல்மனுக்காக வாதாட ஆயத்தமாயிருக்கிறார். நானோ இங்குள்ள இளைஞரிற் பலர் பெயரளவிலேனும் கேள்விப்பட்டிராத ஒருவருக்காகப் பேச எழுந்து நிற்கிறேன். ஜோன் கிரிமெக் என்பது அவர் பெயர். அமெரிக்கர். 1910ஆம் ஆண்டிற் பிறந்து 1998ஆம் ஆண்டில் மறைந்தவர்.

இவ்விவாதம் வெறும் பொழுதுபோக்கு என்று முன்வரிசையிலுள்ள பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. பல்கலைக்கழக விடுதியில் எனக்கு அடுத்த அறையில் இருந்த நண்பர் ஒருவர் கோல்மனின் படத்தை மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருந்தார். விடியுமுன் எழுந்து பளு தூக்கப் போவார். படிப்பிலும் சூரர். ஒருநாள் பேனை தேடி அவர் மேசை லாச்சியைத் திறந்தபோது ஊசிமருந்துக் குப்பிகள் வரிசையாக இருக்கக் கண்டேன். "இதென்ன?" என்று கேட்டேன். "எல்லாரும் போடுகிறார்கள்தானே!" என்றார். யாரைப் பெரியவர் என்று ஒருவன் மனத்திற் கொள்கிறானோ, அவர் போன பாதையிலேயே தானும் போக விழைகிறான். ஆதலால் இந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் விடையை லேசாக எடுத்துக்கொள்வதற்கில்லை.

பெற்ற பட்டங்களை எண்ணிப் பார்த்தால் போதும் என்பர் சிலர். 1965ஆம் ஆண்டில் ஜோ வீடர் தொடங்கிய மிஸ்டர் ஒலிம்பியாப் போட்டியே இக்கலையின் சிகரம் என்பதில் எனக்கும் சம்மதம்தான். அதிலே லீ ஹேனி 1984 முதல் 1991 வரை எட்டு முறையும், றொனி கோல்மன் 1998 முதல் 2005 வரை எட்டு முறையும் வென்றனர். சுவாட்ஸ்நேகர் ஏழு, பில் ஹீத் ஏழு, டோரியன் யேட்ஸ் ஆறு. ஆனால் இந்த எண்ணிக்கைக்குள்ளே என்ன இருக்கிறது என்று சற்று உற்றுப் பார்க்க வேண்டாமா? 1968இல் கியூபா நாட்டவரான செர்ஜியோ ஒலிவா வென்றபோது அவரை எதிர்த்து மேடையேற ஆளில்லை. 1971இல் பாரிஸ் நகரில் சுவாட்ஸ்நேகர் தன்னந்தனியாக நின்று வென்றார். 1980இல் சிட்னியில் அவர் பெற்ற ஏழாவது பட்டத்தையோ உடன் போட்டியிட்ட வீரர்களே ஏற்க மறுத்தனர். அடுத்த ஆண்டு சிலர் போட்டியையே பகிஷ்கரித்தனர். ஓடிக் காட்டும் பந்தயத்திற் கடிகாரம் பேசும். இங்கே பேசுவது நடுவர்களின் கண். அதுவும் ஒரே கண் அன்று. பிராங் சேன் இருநூறு இறாத்தலுக்கும் குறைந்த மேனியோடு 1977 முதல் மூன்று முறை வென்றார். கோல்மன் 2003இல் 280 இறாத்தலுக்கு மேற்பட்ட உடலோடு அதே பட்டத்தை வென்றார். இருவரையும் ஒரே தராசில் நிறுக்க யாராலே முடியும்?

அப்படியானால் அளவுகோல் வேண்டும். அதைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. மிஸ்டர் ஒலிம்பியாவில் வெல்பவருக்குக் கொடுக்கும் சிலை யாருடையது? யூஜின் சாண்டோவினுடையது. பிரஷ்யாவில் 1867இற் பிறந்து, 1893இல் சிக்காகோப் பொருட்காட்சியில் உலகப் புகழ் பெற்று, 1904-05இல் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்த அந்தச் சாண்டோவின் பெயர் தமிழிலே ஒரு பட்டமாகவே ஆகிவிட்டது. முருகன் படங்களும் யானைப் படங்களும் எடுத்த சின்னப்பா தேவர் 'சாண்டோ' சின்னப்பா தேவர் ஆனது எங்ஙனம் என்று பெரியோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அச்சாண்டோ 1901ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆந் திகதி இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் ஒரு பெரும் போட்டி நடத்தினார். உடற்கட்டுக்கென்று நடந்த முதற் பெரும் போட்டி அதுவே. நடுவர் மூவர்: சிற்பி சேர் சார்ள்ஸ் லோஸ், ஷேர்லொக் ஹோம்ஸைப் படைத்த கொனன் டொயில், மூன்றாமவர் சாண்டோ. தசை மிகப் பருத்தவனுக்கே பரிசு என்று எவரும் எண்ண வேண்டாமென அவர் முன்னதாகவே அறிவித்துவிட்டார். உடல் முழுவதன் வளர்ச்சி, அவ்வளர்ச்சியின் சமநிலை, தசையின் உறுதி, பொதுவான ஆரோக்கியம், சருமத்தின் செழுமை ஆகிய ஐந்துமே அவர் வகுத்த விதி. நொட்டிங்ஹாம் நகரத்து வில்லியம் மறே என்பவர் முதலிடம் பெற்றார். இந்த ஐந்திலே நான்காவதைக் கவனியுங்கள். சாண்டோவின் சிலையை இன்றும் கொடுக்கிறார்கள். ஆரோக்கியம் என்ற அவருடைய விதியை எங்கேயோ கைவிட்டுவிட்டார்கள்.

சாண்டோவே தலைசிறந்தவர் என்று சொல்லிவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். விதி வகுத்தவரே பரிசையும் எடுத்துக்கொள்வது முறையாகாது. அவரை நடுவராகவே வைத்துக்கொள்வோம்.

ஆரோக்கியம் ஒன்றையே நோக்கினால் வங்காளத்து மனோகர் ஐச் அவர்களை வெல்ல எவருமில்லை. நாலடி பதினொரு அங்குலமே உயரம். வெள்ளைக்கார ஆட்சியில் விமானப் படையிலிருந்து, மேலதிகாரி ஒருவரைக் கன்னத்தில் அறைந்து, சிறை சென்று, அச்சிறையிலேயே உடலைக் கட்டி எழுப்பியவர். 1952இல் இலண்டனில் மிஸ்டர் யூனிவேர்ஸ் போட்டியின் குறு உயரப் பிரிவில் வென்றபோது நாற்பது வயது. அதற்கு முந்திய ஆண்டு அதே போட்டியில் தம் பிரிவில் வென்றவரும் மனதோஷ் ராய் என்ற வங்காளியே. ஐச் 2016ஆம் ஆண்டில், 104 வயதிற் காலமானார். அவரைச் சொல்லும்போது எனக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஆயினும் நமது பக்கத்தவர் என்பதற்காகத் தராசைச் சாய்க்கலாகாது. மற்ற நான்கு விதிகளிலும் எல்லா உயரத்தாரோடும் நின்று அவர் முதல்வர் என்று என்னால் வாதிட முடியாது.

இனிக் கோல்மன். அவரைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. கணக்கியலிற் பட்டம் பெற்று, டெக்ஸஸ் மாநிலத்திலே பொலிஸ் உத்தியோகம் பார்த்துக்கொண்டே உலக வீரரானவர். எண்ணூறு இறாத்தற் பளுவைத் தோளிற் சுமந்து இரண்டு முறை குந்தி எழுந்தவர். பிற்காலத்தில் முதுகெலும்பிலும் இடுப்பிலும் சத்திரசிகிச்சை மேற் சத்திரசிகிச்சை செய்து, ஊன்றுகோலின்றி நடக்க மாட்டாதவரானார். வாழ்க்கையைத் திரும்ப வாழக் கிடைத்தால் எதை மாற்றுவீர் என்பதற்கு, அந்தப் பளுவை அன்று இரண்டு முறையல்ல நாலு முறை தூக்கியிருப்பேன் என்றார். இந்த நெஞ்சுரத்தை வணங்குகிறேன். ஆனால் சாண்டோவின் நான்காம் விதியை முன்வைத்து இவரை முதல்வர் என்று சொல்வது எப்படி?

மருந்தின் கதை இன்னும் துயரமானது. 1992இல் மொஹமட் பெனசீசா ஒல்லாந்திலே ஒரு போட்டியில் வென்ற சில மணி நேரத்துக்குள் மாண்டார். மேடைக்காக உடலின் நீரை வற்றச் செய்ததே காரணம் என்று கூறப்பட்டது. சுவாட்ஸ்நேகரைத் தெய்வமாகக் கொண்டாடிய அவுஸ்திரியர் அன்றியாஸ் மூன்சர் 1996இல், 31 வயதில், உள்ளுறுப்புக்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்க இறந்தார். சுவாட்ஸ்நேகரும் தம் காலத்தில் ஸ்டெரொயிட் மருந்து எடுத்ததைத் தாமே ஒப்புக்கொண்டவர். 1990இல் ஒரேயொரு முறை மிஸ்டர் ஒலிம்பியாவில் மருந்துச் சோதனை நடத்தினார்கள். அவ்வாண்டும் வென்றவர் லீ ஹேனி. பட்டத்தை எவரிடமும் இழக்காமலே ஒலிம்பியா மேடையை விட்டு நடந்து போன அவருக்கு என் பட்டியலில் இரண்டாம் இடம் தருகிறேன்.

முதலிடத்துக்கு வருவோம். அந்நாளில், பளு தூக்குபவனின் உடல் இறுகிப்போகும், கை கால் வளையாது, இருதயம் கெடும் என்று மேனாட்டு ஆசிரியர்களும் வைத்தியர்களும் உறுதியாக நம்பினர். கல்லூரி விளையாட்டுப் பயிற்றுநர்கள் தம் மாணவர் பளுவைத் தொடவே கூடாதென்றனர். நம் வீடுகளில் இன்றும் கேட்கும் பேச்சுத்தானே இது? "பாரம் தூக்கினால் வளர்த்தி நின்றுபோம்" என்று என் பாட்டியாரும் சொல்லியிருக்கிறார்.

1940ஆம் ஆண்டில் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் கல்லூரிக்கு, பளு உற்பத்தியாளரான பொப் ஹொவ்மன் தம் வீரர் இருவரை அழைத்துச் சென்றார். ஒருவர் உலகப் பளுதூக்கல் வீரர் ஜோன் டேவிஸ். மற்றவர் கிரிமெக். அக்கல்லூரி தேகப்பயிற்சிக் கல்வியிற் பெயர்பெற்றது. அங்கே உடற்றொழிலியல் கற்பித்த பேராசிரியர் பீற்றர் கார்ப்போவிச் இந்தப் பயிற்சியின் பரம விரோதி. மாணவர் நிறைந்த மண்டபத்தில் பேராசிரியர் எழுந்து, "மிஸ்டர் கிரிமெக், தயவுசெய்து உமது பிடரியைச் சொறிந்து காட்டுவீரா?" என்ற கருத்திற் கேட்டார். மண்டபம் சிரித்தது. இவ்வளவு தசை வைத்திருப்பவன் கையை மடக்கித் தன் பிடரியைத் தொடவும் மாட்டான் என்பது கேள்வியின் உட்கருத்து. கிரிமெக் இந்தப் பக்கத்தாலும் அந்தப் பக்கத்தாலும் கையைக் கொண்டுபோய் ஆறுதலாகச் சொறிந்து காட்டினார். பின் முழங்கால் மடங்காமற் குனிந்து முழங்கைகளாலே தரையைத் தொட்டார். கால்களை இரு பக்கமும் அகல விரித்துத் தரையோடு தரையாக அமர்ந்தார். சிரித்தவர்கள் கைதட்டினார்கள்.

கார்ப்போவிச் உண்மையான அறிஞர். கண்டதை மறைக்கவில்லை, ஆராயத் தொடங்கினார். பளுப் பயிற்சி உடையோர் முந்நூறு பேரையும் இல்லாதோர் முந்நூறு பேரையும் கொண்டு கை சுழற்றும் வேகத்தை அளந்து 1951இல் முடிவை வெளியிட்டார். பளு தூக்குவோரே வேகமானவர் என்பதே அம்முடிவு. இன்று கிரிக்கெற் வீரனும் ஓட்ட வீராங்கனையும் பளு தூக்காமற் பயிற்சி பெறுவதில்லையென்றால், அந்த வாசல் திறக்கப்பட்டதிலே அந்த மண்டபத்துக்கும் பங்குண்டு. மற்றவர் பரிசுகளை வென்றார்கள். கிரிமெக் உலகத்தின் பிழையான எண்ணம் ஒன்றையும் வென்றார்.

பரிசுகளில் மட்டும் குறைந்தாரோ? 1936இல் பேர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகப் பளு தூக்கினார். 1940இலும் 1941இலும் மிஸ்டர் அமெரிக்கா. ஒருமுறை வென்றவர் மீண்டும் போட்டியிடலாகாது என்று அதன் பின் விதியையே மாற்றினார்கள்! 1948இல், 38 வயதில், இலண்டனில் மிஸ்டர் யூனிவேர்ஸ் பட்டத்துக்கு நின்றபோது எதிரே நின்றவர் 22 வயதான ஸ்டீவ் றீவ்ஸ். பின்னாளில் ஹேர்க்கியூலிஸ் படத்தில் நடித்து உலகை மயக்கிய அதே அழகர். வென்றவர் கிரிமெக். 1949இல் மிஸ்டர் யு.எஸ்.ஏ. பட்டத்தோடு போட்டி மேடையை விட்டார். உடற்கட்டுப் போட்டி ஒன்றிலேனும் அவர் தோற்றதில்லை.

எதிர்த்தரப்பு நண்பர் புன்னகைப்பது தெரிகிறது. அவர் சொல்லவிருப்பதை நானே சொல்லிவிடுகிறேன். சீக்லர் என்ற வைத்தியர் 1950களில் யோர்க் நகரத்து வீரர்களிடம் ஆண்மைச் சுரப்பு மருந்தைப் பரீட்சித்தபோது, கிரிமெக்கும் சிறிது காலம் அதை எடுத்தார். உண்மை. ஆனால் திகதிகளைப் பாருங்கள். அம்மருந்து ஆய்வுகூடத்தில் முதன்முதலாகச் செய்யப்பட்டதே 1935இல். டயனபோல் என்ற மாத்திரை சந்தைக்கு வந்தது 1958இல். கிரிமெக் வென்ற பட்டம் அனைத்தும் 1949ஆம் ஆண்டோடு முடிந்தன. மருந்தை எடுத்துப் பார்த்தும் அதிலே பெரிதாக ஒன்றையும் அவர் காணவில்லை. அது வருமுன்னரே அந்த உடல் கட்டப்பட்டுவிட்டது.

மணி அடித்துவிட்டார்கள். கோல்மனின் எட்டுப் பட்டங்களையும் எண்ணூறு இறாத்தலையும் நண்பர் இனி எடுத்துரைப்பார். அவர் எதைச் சொன்னாலும் சாண்டோவின் ஐந்து விதிகளையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டு உங்கள் வாக்கை அளியுங்கள் என்று சபையோரைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.